கெட்டுப்போனதைக் குயவர் வீசி எறிவதில்லை



இன்றைய முதல் வாசகத்தில் ஆண்டவர் எரேமியாவைக் குயவர் வீட்டுக்கு அனுப்புகிறார் (எரே 18:1-6). சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூரில் வாழும் நமக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. கலம் கையிலேயே கெட்டுப்போகிறது. குயவர் அதே மண்ணை எடுத்து மறுபடி வனைகிறார்.

கெட்டதை மறுபடி வனைவதை நம் பங்கிலும் பார்த்தோம். நம் பாடகர் குழுவின் பென் டிரைவ் ஒன்று பழுதானது. கணினியில் செருகினால் பெயர் வரும். கொள்ளளவு சுழியம் என்று காட்டும். பங்குத் தம்பி ஒருவர் அதன் மேலுறையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இரண்டு சில்லுகள்: ஒன்று நினைவகம், மற்றொன்று அதை ஆளும் கன்ட்ரோலர். அந்தக் கன்ட்ரோலரை நடத்தும் ஃபர்ம்வேர் சிதைந்திருந்தது. கன்ட்ரோலர் எந்த வகை என்று முதலில் கண்டுபிடித்து, அதற்கே உரிய மென்பொருளால் ஃபர்ம்வேரைப் புதிதாக எழுதினார். பழைய பதிவுகள் அழிந்தன, டிரைவ் பிழைத்தது.

வகை தெரியாமல் எதையாவது எழுதினால் டிரைவ் அடியோடு போய்விடும். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆன்ம சோதனை செய்யச் சொல்வதும் இதனால்தான். "எல்லாரையும்போல நானும் பாவி" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. என் குற்றம் இன்னது என்று பெயர் சொல்லி ஆண்டவர்முன் வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மென்பொருள் நினைவகத்தைப் பகுதி பகுதியாகச் சோதிக்கிறது. கெட்ட பகுதிகளைப் பட்டியலிட்டு, இனி அங்கே எதுவும் எழுதப்படாதபடி ஒதுக்கிவைக்கிறது. கொள்ளளவு சற்றுக் குறையலாம், எழுதுவது நிலைக்கும்.

நம் வாழ்விலும் இப்படி ஒதுக்கிவைக்க வேண்டிய இடங்கள் உண்டு. வில்லியனூரிலும் பாகூரிலும் சாராயம் எத்தனை வீடுகளை அழவைத்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பாவமன்னிப்புப் பெற்று எழுந்தவரின் பலவீனம் அன்றே மறைந்துவிடாது. கூலி வாங்கிய மாலையில் அவர் சாராயக் கடையிருக்கும் தெருவை விட்டு வேறு தெருவில் வீடு வரட்டும். பாவத்துக்கு ஏதுவான இடத்தை விலக்குவது கோழைத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இறையருளோடு ஒத்துழைக்கும் வழி அதுவே.

வீட்டிலுள்ளவர்களே, "இவன் திருந்தவே மாட்டான்" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். அவரை வனையும் கை உங்களுடையதல்ல, ஆண்டவருடையது. இந்தச் சனிக்கிழமை திருப்பலிக்கு முன் பாவசங்கீர்த்தனம் கேட்க அமர்ந்திருப்பேன். வரத் தயங்குகிறவருக்குத் துணையாக நீங்களும் வாருங்கள்.

1877 முதல் இந்த மண்ணில் நமக்காகப் பரிந்து பேசும் லூர்து அன்னை வழியாக, நம் உள்ளங்களைப் புதிதாக்க ஆண்டவரை மன்றாடுவோம். ஆமென்.