பார்க்காத சீட்டு

கெய்ரோ நகரத்துக் காபிக்கடை ஒன்றில் ஐந்து சீட்டுகள் மேசைமேல் கவிழ்ந்து கிடக்கின்றன. அவை ஜோதாரோவுடையவை. அவன் அவற்றைப் புரட்டிப் பார்க்கவில்லை. பார்க்கப் போவதும் இல்லை என்கிறான். எதிரே சூதாடி டார்பி. டார்பியிடம் தோற்றவரின் ஆன்மா பந்தயச் சில்லாக மாறிவிடும். ஜோதாரோவின் தாத்தாவும் தோழன் போல்நரெஃபும் அப்படித்தான் அவன் கைக்குப் போயிருக்கிறார்கள். சுற்றி நிற்பவர்கள், சீட்டுப் போடும் பையன் உட்பட, எல்லாருமே டார்பியின் ஆட்கள். ஜோதாரோவுக்கு விழுந்தவை ஒன்றுக்கும் உதவாத சீட்டுகள் என்பது டார்பிக்குத் தெரியும். தன்னிடம் நான்கு ராஜாக்கள். தோற்க வழியே இல்லை.

ஜோதாரோ பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகிறான். முதலில் தன் ஆன்மா, பிறகு பக்கத்தில் நிற்கும் தோழர் அவ்தூலுடையது, மருத்துவமனையில் கிடக்கும் இன்னொரு தோழன் காக்யோயினுடையது, கடைசியில் தன் தாயுடையது. இடையில் அவன் உதட்டில் பற்றவைத்த சிகரெட் வந்துவிடுகிறது, கையில் பழச்சாறு வந்துவிடுகிறது. எப்போது வந்தன என்று டார்பிக்குத் தெரியவில்லை. இவ்வளவு வேகமாகக் கை ஓடுகிறவன் சீட்டை மட்டும் மாற்றாமலா இருந்திருப்பான்? பிறகு ஜோதாரோ ஈடு கேட்கிறான்: என் தாய்க்கு ஈடாக உன் எசமானன் டியோவின் சக்தி ரகசியத்தைப் பந்தயம் வை. ‘காட்டு’ என்று ஒரு சொல் சொன்னால் ஆட்டம் டார்பிக்குத்தான். ஆனால் ரகசியத்தைப் பந்தயமாக ஒப்புக்கொண்டது தெரிந்தால் டியோ கொன்றுவிடுவான். அந்த ஒரு சொல் தொண்டையைத் தாண்டவில்லை. நின்ற நிலையிலேயே நினைவு தப்புகிறது. புரட்டிப் பார்த்தால் ஜோதாரோவின் ஐந்தும் குப்பைச் சீட்டுகள். அவ்தூலுக்கு உயிரே போய்த் திரும்பியது.

ஹிரோஹிகோ அராகியின் ‘ஜோஜோ’ மாங்காவில் வந்த இந்த ஆட்டம், 2014-15இல் அனிமேயாகவும் வந்தது. சண்டைக் காட்சி என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். ஒருவன் வீழ்கிறான், ஒருவன் எழுகிறான், நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வேறென்ன வேண்டும்?

ஜப்பானியச் சிறுவர் இதழ்களின் சண்டை ஒரு காலத்தில் எண்ணிக்கையாக இருந்தது. ‘டிராகன் பால்’ கதையில் எதிராளியின் பலத்தை அளக்கக் கருவியே உண்டு. துப்பாக்கி ஏந்திய விவசாயிக்கு 5. வில்லன் ஃப்ரீஸா தன் பலம் 5,30,000 என்கிறான். அடுத்து வருகிறவனுக்கு இன்னும் பெரிய எண் தேவை. டார்பி வரும் ‘ஜோஜோ’ மூன்றாம் பாகத்தில் அராகி வேறு வழியில் போனார். ஆளுக்கு ஒரு விசித்திர சக்தி, அதற்கு ஒரு விதி, விதியில் ஓர் ஓட்டை. யார் பலசாலி என்ற கேள்வி போய், யாருக்கு என்ன தெரியும் என்ற கேள்வி வந்தது. சண்டைக்கு நடுவே பக்கம் பக்கமாகப் பேசுகிறார்களே என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சுதான் சண்டை. இரண்டு அடிகளுக்கு நடுவே இருக்கும் அரை நொடியை ஐந்து நிமிடமாக இழுத்து அதற்குள் ஒரு மனம் ஓடும் ஓட்டத்தைக் காட்டுவதற்கு அனிமேயைவிடத் தோதான கலை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட சண்டைகளை ‘மூளைச் சண்டை’ என்று வகை பிரிப்பதில் மட்டும் எனக்கு நிறைவில்லை. டார்பிக்கு மூளை இல்லையா? அந்த அறையிலேயே பெரிய மூளை அவனுடையதுதான். மந்த புத்திக்காரன் ‘காட்டு’ என்று சொல்லி வென்றிருப்பான். அவனைக் கவிழ்த்தது வேறு. அவனிடம் மேசைமேல் வைக்கவே முடியாத ஒன்று இருந்தது. ஜோதாரோ வைத்துவிட்டான். அவன் ஜப்பானிலிருந்து எகிப்து வரை வந்ததே ஐம்பது நாளில் சாகப்போகும் தாயைக் காப்பாற்றத்தான். எதைக் காக்க வந்தானோ அதையே எடுத்துப் பந்தயமாக வைத்த பிறகு அவனிடம் பிடித்து உலுக்க எதுவும் மிச்சமில்லை. (பக்கத்தில் நின்ற அவ்தூலாவது சம்மதம் சொன்னார். காக்யோயினையும் தாயையும் யாரும் கேட்கவில்லை.)

யோஷிஹிரோ தொகாஷியின் ‘ஹண்டர் ஹண்டர்’, ஒருவனிடம் காக்க என்ன இருக்கிறது என்ற இந்த விஷயத்தைத் திரும்பத் திரும்பத் தோண்டுகிறது. வான அரங்கு என்னும் சண்டைக்கூடத்தில் ஹிசோகாவும் காஸ்ட்ரோவும் மோதுகிறார்கள். முன்பு ஹிசோகாவிடம் தோற்ற காஸ்ட்ரோ, பயிற்சி செய்து தன்னைப் போலவே இன்னோர் உருவத்தை உண்டாக்கக் கற்றுவந்திருக்கிறான். எது ஆள், எது நிழலுரு என்று தெரியாமல் ஹிசோகா அடி வாங்குகிறான், கையையே இழக்கிறான். இழக்கிறான் என்பதைவிடக் கொடுக்கிறான் என்பது சரி. வெட்டுண்ட கையை வைத்துக்கொண்டு மாயவித்தை காட்டுகிறான், சிரிக்கிறான். காஸ்ட்ரோவின் முகம் வெளிறுகிறது. கடைசியில் அவனைக் காட்டிக்கொடுப்பது சட்டை அழுக்கு. சண்டையில் புரண்ட காஸ்ட்ரோவின் உடையில் புழுதி படிந்துவிட்டது, நிழலுரு மட்டும் பளிச்சென்று நிற்கிறது. அந்த உருவம் அவன் தன்னைப் பற்றி மனத்தில் வைத்திருந்த படம். புழுதி படாத வீரன். அந்தப் படத்தைக் கலைக்க அவனுக்கு மனம் வரவில்லை. தன் உடம்பையே பொருட்படுத்தாத ஒருவனுக்கு அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இதே கதையில் குராபிகா என்றொரு பையன். தன் இனத்தை அழித்த கொள்ளைக் கூட்டத்தை மட்டுமே கட்டும் சங்கிலி ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறான். வேறு யார் மேலாவது அதைப் பாய்ச்சினால் அவன் உயிர் போகும். இப்படித் தன்னைத் தானே கட்டிக்கொண்டதால்தான் அந்தச் சங்கிலிக்கு அத்தனை வலு. அந்த உலகத்தின் விதி அப்படி. ஆனால் அந்த நிபந்தனை வெளியே தெரிந்துவிட்டால் அவன் கதை முடிந்தது. பலத்தை வாங்கியபோதே காக்க வேண்டிய ரகசியத்தையும் சேர்த்து வாங்கிவிட்டான். அதற்குப் பின் அவன் நிம்மதியாக உறங்கியதாகக் கதையில் எங்கும் இல்லை. ‘நருட்டோ’வின் ஷிகாமரு இதற்கு நேர் எதிர். தேர்வுச் சண்டையில் எதிராளி தெமாரியை நிழலால் பிடித்து நிறுத்திவிட்டு, சக்தி தீரப்போகிறது என்று சொல்லித் தானே தோல்வியை ஒப்புக்கொள்கிறான். வெற்றியைக்கூடக் காக்க நினைக்காத சோம்பேறி! அந்தத் தேர்வில் பதவி உயர்ந்தது அவன் ஒருவன்தான்.

2011 முதல் 2014 வரை 148 பகுதிகளாக வந்த ‘ஹண்டர் ஹண்டர்’ அனிமேயில் உச்சம் எது என்று கேட்டால், எறும்பரசன் மெருயெமும் முதியவர் நெதேரோவும் மோதுவதைத்தான் பலரும் சொல்வார்கள். நான் அதற்கு முன்னால் நடக்கும் பலகை ஆட்டத்தைச் சொல்வேன். மனிதர்களைத் தின்னும் இனத்தின் அரசன் மெருயெம், பொழுதுபோக்காக ஆட்ட வல்லுநர்களை வரவழைத்து ஒவ்வொருவராகத் தோற்கடிக்கிறான். குங்கி ஆட்டத்துக்கு வந்து உட்காருகிறவள் கோமுகி, மூக்கு ஒழுகும் பார்வையற்ற ஏழைப் பெண். அவளை அவனால் வெல்ல முடியவில்லை. பலகையில் முடியாததால் மனத்தைக் கலைக்கப் பார்க்கிறான்: நீ வென்றால் கேட்டது கிடைக்கும், தோற்றால் உன் இடக் கை எனக்கு. அவள் தயங்கித் தயங்கிக் கேட்கிறாள், கைக்குப் பதிலாக உயிரை வைக்கலாமா என்று. தோற்றால் சாவது என்று முடிவுசெய்துகொண்டுதான் அவள் எப்போதும் ஆடிவந்திருக்கிறாள். அது மிரட்டலோ வீரமோ இல்லை, வெறும் தகவல்.

மெருயெம் தன் இடக் கையைத் தானே பிய்த்து எறிகிறான். அவள் எங்கே நடுங்குவாள் என்று தேடிப் போனவனுக்கு நடுங்க இடமே இல்லாத ஒரு மனம் எதிர்ப்பட்டது. அந்த மனத்தின் முன் தான் வைத்த பந்தயம் எவ்வளவு அற்பம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. தந்திரம் ஒரு திருடன் மாதிரி. பூட்டு எங்கே தொங்குகிறதோ அந்த அறையைத்தான் தேடிப் போகும். கோமுகியின் வீட்டில் பூட்டே இல்லை.

பிறகு நெதேரோ. நாற்பத்தாறு வயதில் மலையேறி, நாளொன்றுக்குப் பத்தாயிரம் முறை வணங்கிக் குத்திப் பழகிய கை. மெருயெம் சண்டை வேண்டாம், பேசலாம் என்று உட்கார்ந்துவிடுகிறான். கிழவர் அவனிடம் இல்லாத ஒரே பொருளைக் காட்டுகிறார்: உன் பெயர் எனக்குத் தெரியும், என்னைத் தோற்கடித்தால் சொல்கிறேன். அரசன் எழுகிறான். ஆயிரத்தைத் தாண்டிய மோதல்களில் குங்கி ஆடுவது போலவே கிழவரின் தாளத்தைப் படிக்கிறான், வலக் காலை எடுக்கிறான், இடக் கையை எடுக்கிறான். ஆயுள் முழுக்கச் சேர்த்த வித்தை அவன் முன் போதவில்லை. அப்போது நெதேரோ தன் இதயத்தைத் தானே குத்தி நிறுத்துகிறார். துடிப்பு நின்றால் வெடிக்கும் குண்டு உடலுக்குள் இருக்கிறது. மெருயெம் வாழ்நாளில் முதன்முறையாக அஞ்சுகிறான்.

கோமுகியும் உயிரை வைத்தாள், நெதேரோவும் உயிரை வைத்தார். இரண்டிலும் பிடித்து உலுக்க ஒன்றுமில்லை, இரண்டிலும் அரசன் தோற்றான். ஆனால் முதல் முறை அவன் மாறினான், இரண்டாம் முறை எரிந்தான். காக்க ஒன்றுமில்லாதவனை வெல்ல முடியாது என்ற இடத்தில் பல அனிமேக்கள் நின்றுவிடும். தொகாஷி இன்னும் ஓர் அடி போய்க் கணக்குப் பார்க்கிறார். வைத்த பந்தயம் யாருடையது? கோமுகி வைத்ததில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. நெதேரோவின் குண்டு ஆளைக் கொல்வதோடு நிற்பதில்லை. அதன் நஞ்சு, பிழைத்தவன் உடலில் தங்கி அருகில் வருகிறவர்களுக்கும் தொற்றும். செய்ய மலிவு என்பதால் சர்வாதிகாரிகள் விரும்பும் ஆயுதம் அது. ஆளில்லாத சோதனைத் தளத்தில்தான் அவர் அதை வெடிக்கச் செய்தார். ஆனாலும் அந்தப் பந்தயத்தில் யார் யார் உயிர் சேர்ந்திருந்தது என்று யாரையும் கேட்கவில்லை.

வெடிப்பில் தப்பி, நஞ்சோடு திரும்பிவந்த மெருயெம் கோமுகியைத் தேடிப் பிடிக்கிறான். ஆட்டம் தொடங்கிய பிறகு விஷயத்தைச் சொல்கிறான். என்னோடு இருந்தால் இந்த நஞ்சு உன்னையும் கொல்லும், என்ன செய்கிறாய் என்கிறான். அவள் இருக்கிறேன் என்கிறாள். கதை முழுக்க எத்தனையோ பேர் அடுத்தவர் உயிரை வைத்து ஆடினார்கள். அவளிடம் கேட்டவன் இந்த எறும்பு ஒருவன்தான்.