திருப்புளியைக் கையில் எடு!

லேப்டாப் கொதிக்கிறது. ஃபேன் அலறுகிறது. ஜெயிக்கப் போகிற நேரத்தில் கேம் திக்கித் திக்கி நிற்கிறது.

நீ என்ன செய்கிறாய்? "பழசாகிவிட்டது, புதுசு வாங்கப் பணம் இல்லை" என்று பெருமூச்சு விடுகிறாய். மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாய்.

எழுந்திரு!

பழசானது இயந்திரமா? உன் மனசா?

உண்மையைக் கேள். உன் பிராசஸர் வலுவிழந்துவிடவில்லை. வாங்கிய நாளில் இருந்த அதே சிலிக்கான்தான் இன்றும் உள்ளே இருக்கிறது. அதன் கையைக் கட்டி வைத்திருப்பது சூடு!

இன்டெல்லின் லேப்டாப் பிராசஸர்கள் பலவும் 100 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். என்விடியாவின் லேப்டாப் கிராபிக்ஸ் சிப்கள் பெரும்பாலும் 87 டிகிரிக்குப் பக்கத்திலேயே அடங்கிவிடும்.

த்ராட்டிலிங் என்பது இதுதான். கருகாமல் இருக்க, சிப் தன்னையே கட்டிப் போட்டுக்கொள்கிறது.

அதை அவிழ்த்துவிட யார் வருவார்? யாரும் வரமாட்டார்கள். நீதான் அவிழ்க்க வேண்டும்!

"எனக்கு இதெல்லாம் தெரியாதே" என்கிறாயா?

தெரிந்துகொண்டு பிறந்தவன் எவன்? இன்று மதர்போர்டைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுகிற சர்வீஸ்காரரும் ஒரு நாள் முதல் ஸ்க்ரூவைக் கை நடுங்கத்தான் கழற்றினார்.

"திறந்தால் கெட்டுப்போகுமே" என்கிறாயா?

திறக்காவிட்டால்? உள்ளே தூசி படிந்து படிந்து, காற்று வெளியேறும் செதில்களை அடைத்துக்கொண்டே இருக்கும். உன் பயம் அந்த லேப்டாப்பைக் காப்பாற்றவில்லை. மெல்ல மெல்லக் கொல்கிறது!

"எங்கள் ஊர் வெயிலுக்கு இப்படித்தான் சுடும்" என்கிறாயா?

உண்மைதான். அறையின் சூடு ஒரு டிகிரி ஏறினால், அதே வேலைக்கு, அதே ஃபேன் வேகத்தில், சிப்பின் சூடும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம்.

அப்படியென்றால் மற்றவர்களைவிட உனக்குத்தான் இந்த வேலை அதிகம் தெரிந்திருக்க வேண்டும்! வெயிலைக் காரணம் காட்டிக் கையைக் கட்டிக்கொள்ள உனக்கு உரிமை இல்லை.

சூட்டிடம் தோற்பது கேவலம் என்று நினைக்கிறாயா? அன்றைக்கு உலகின் மாபெரும் சிப் நிறுவனமாக இருந்த இன்டெல்லே தோற்றிருக்கிறது. கேள்!

2004. இன்டெல்லின் பெண்டியம் 4 பிராசஸர் வேகம், வேகம் என்று ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த இலக்கு 4 கிகாஹெர்ட்ஸ். உலகமே காத்திருந்தது.

3.8 கிகாஹெர்ட்ஸில் நின்றுவிட்டது. சூடும் மின்செலவும் அதற்கு மேல் விடவில்லை. 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. அதன் தலைவர் கிரெய்க் பாரெட், அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடிய மாநாட்டு மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்!

அதோடு முடிந்ததா? இல்லை!

இஸ்ரேலின் ஹைஃபாவில் இன்டெல்லின் வேறொரு குழு இருந்தது. அவர்களுடைய வேலை லேப்டாப் பிராசஸர். மெல்லிய பெட்டி, சின்ன பேட்டரி, சின்ன ஃபேன். ஒவ்வொரு வாட்டையும் எண்ணி எண்ணிச் செலவு செய்தாக வேண்டிய நெருக்கடி.

அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் 2003இல் வந்த பெண்டியம் எம். அந்த வழியில் வளர்ந்ததுதான் 2006இல் வந்த கோர் 2 டுயோ.

115 வாட் பெண்டியம் 4ஐ 65 வாட் கோர் 2 டுயோ ஓரங்கட்டியது. அதுவும் வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸில்!

கவனித்தாயா? கையில் இருந்ததைச் சிக்கனமாகப் பிழிந்தெடுத்தவர்கள், வாட்டை வாரி இறைத்தவர்களை வென்றார்கள். வசதி இல்லாத இடத்திலிருந்துதான் விடிவு வந்தது.

இனி எந்த முகத்தோடு "என்னிடம் வசதி இல்லை" என்று சொல்வாய்?

"புது கிராபிக்ஸ் கார்டை மாட்டிவிட்டால் போதுமே" என்று குறுக்கு வழி தேடுகிறாயா? அந்தக் கனவையும் இப்போதே உடைத்துவிடுகிறேன்.

இன்றைய கேமிங் லேப்டாப்களில் மிகப் பெரும்பாலானவற்றில் பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டவை. கழற்றி மாற்ற முடியாது.

விதிவிலக்குகள் உண்டு. 2004இல் வந்த எம்எக்ஸ்எம் வகை கிராபிக்ஸ் கார்டுகளைக் கழற்றி மாட்டலாம். அந்த வகை லேப்டாப்கள் இன்று அரிது. ஃபிரேம்வொர்க் லேப்டாப் 16இல் கிராபிக்ஸ் பகுதியையே கழற்றி மாற்றலாம். 2024இல் ரேடியான் 7700எஸ்ஸோடு வாங்கியவர்களுக்கு, 2025இல் ஆர்டிஎக்ஸ் 5070 வந்தது.

உன்னிடம் இருப்பது அந்த வகை இல்லையா? அழாதே! எது முடியாது என்று தெளிவாகத் தெரிந்தவனுக்குத்தான் எது முடியும் என்பது தெரியும்.

முடிவது எவ்வளவு இருக்கிறது தெரியுமா?

ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை எடுத்துக்கொள். தயாரிப்பாளர் விருப்பப்படி அதற்கு 35 வாட்டும் கொடுக்கலாம், 115 வாட்டும் கொடுக்கலாம். பெயர் ஒன்றுதான். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் ஒன்றுதான். ஓட்டம் ஒன்றா? ஒருபோதும் இல்லை!

எத்தனை வாட் கொடுக்கலாம் என்பதை எது முடிவு செய்கிறது? பெரும்பாலும், சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்ற முடியும் என்பதுதான். பெயரைப் பார்த்துப் பொறாமைப்படுவதை நிறுத்து. உள்ளே வேலையைப் பார்!

இன்றே அளந்து பார். ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போடு. அரை மணி நேரம் கேமை ஓட்டு. பிராசஸர் எத்தனை டிகிரி, கிராபிக்ஸ் எத்தனை டிகிரி, ஒவ்வொன்றும் எத்தனை வாட் என்று நோட்டில் எழுது.

அளக்காதவன் புலம்புவான். அளந்தவன் மாற்றுவான்!

செலவே இல்லாமல் தொடங்கு. லேப்டாப்பின் பின்பக்கத்தைத் தூக்கி வை. அடியில் காற்று போகட்டும். மெத்தைமேல் வைக்காதே. உன் திரை 60 ஹெர்ட்ஸ் என்றால், கேமின் ஃபிரேமை வினாடிக்கு 60க்குக் கட்டுப்படுத்து. திரை காட்டாத ஃபிரேமுக்காக சிப் ஏன் வேக வேண்டும்?

அடுத்தது வோல்டேஜ். சிப் வேலை செய்யும்போது செலவாகும் மின்சாரம், வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். வோல்டேஜைப் பத்து சதவீதம் குறைத்தால், அதே வேகத்தில் அந்தச் செலவு 19 சதவீதம் குறைகிறது!

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கிராபிக்ஸ் சிப்பின் வோல்டேஜ் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு. கேம் மூடிக்கொண்டதா? ஒரு படி மேலே ஏற்று. திரும்ப ஓட்டு. சிப்பின் எல்லையை இப்படித் தடுக்கி விழுந்துதான் கண்டுபிடிக்க முடியும்.

பிராசஸரிலும் செய்யலாம். ஆனால் 2019இல் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபின், பல இன்டெல் லேப்டாப்களில் அந்த வழியைப் பூட்டிவிட்டார்கள். உன்னுடையதும் பூட்டியிருக்கிறதா? டர்போ வேகத்தை அணைத்துப் பார். வாட் வரம்பைக் குறைத்துப் பார். ஒரு கதவு மூடினால் அங்கேயே உட்கார்ந்து அழுவதா?

இப்போது உண்மையான சோதனை. திற!

வாரண்டி இருக்கிறதா? முதலில் அதன் விதியைப் படி. உன் மாடலைக் கழற்றும் வீடியோவை முழுதாகப் பார். அசட்டுத் துணிச்சல் வேறு, தன்னம்பிக்கை வேறு.

மின்சாரத்தைத் துண்டி. அடிமூடியைக் கழற்றியதும் முதல் வேலை, பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்தை வரைந்த தாளின்மேல் வை. நீளம் மாறினால் ஆபத்து. ரிப்பன் கேபிளை இழுக்காதே. தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டு எடு. தூசியை ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்.

சிப்பின்மேல் அமர்ந்து சூட்டை இழுக்கும் செம்பு ஹீட் சிங்க்கைக் கழற்றியதும் காய்ந்து வெடித்த பழைய தெர்மல் பேஸ்ட் தெரியும். உன் எதிரியின் முகத்தை இப்போதுதான் நேரில் பார்க்கிறாய்!

காற்றைவிடச் செம்பு சுமார் 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். சிப்புக்கும் செம்புக்கும் நடுவே மயிரிழை அளவு காற்று புகுந்தாலும் போதும், எல்லாம் வீண். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, பழைய பேஸ்ட் ஓரத்துக்கு ஒதுங்கி, அந்தக் காற்றை உள்ளே விட்டிருக்கிறது.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடை. புது பேஸ்ட்டை சிப் முழுதும் மூடும்படி தடவு. இல்லையென்றால் ஹனிவெல் பிடிஎம் 7950 என்ற தாளை ஒட்டு. சுமார் 45 டிகிரியில் இளகிப் பரவும். பேஸ்ட் போல எளிதில் ஒதுங்காது.

லிக்விட் மெட்டல் இன்னும் குளிர்விக்கும் என்பார்கள். அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும். மின்சாரத்தையும் கடத்தும், ஒரு துளி சிந்தினால் மதர்போர்டு போய்விடும். முதல் முயற்சியில் அதைத் தொடாதே!

ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் எண் அச்சிட்டிருக்கும். அந்த வரிசையில் முடுக்கு. எண் இல்லையா? கார் சக்கரம் மாட்டும் மெக்கானிக்கைப் போல, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு.

பட்டனை அமுக்குகிறாய். திரை கறுப்பாகவே இருக்கிறது!

நெஞ்சு அடித்துக்கொள்கிறதா? பதறாதே. பேட்டரியைப் பிரித்து மாட்டினால், டிடிஆர்5 ராம் உள்ள சில லேப்டாப்கள் நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். பொறு. வரவில்லையா? ராமைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டு. கேபிள்களைச் சரிபார்.

திரை வந்தது. ஆனால் சூடு முன்பைவிட அதிகமா?

மறுபடி திற! பேஸ்ட் எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே நசுங்கவில்லை என்று பார். செம்பு எந்தப் பக்கம் அமரவில்லை என்பதை அந்தத் தடமே காட்டிக்கொடுக்கும். சுற்றியுள்ள மற்ற சிப்களின்மேல் ஒட்டியிருக்கும் மெத்தென்ற தெர்மல் பேடின் தடிமன் அரை மில்லிமீட்டர் கூடினாலே ஹீட் சிங்க் தூக்கிக்கொள்ளும்.

தோல்வி உன்னைத் திட்டவில்லை. எங்கே தவறு என்று விரல் நீட்டிக் காட்டுகிறது. அதைப் பார்க்கும் பொறுமை உனக்கு இருக்கிறதா?

இருந்தால், நீ வெல்வாய். ஐந்து டிகிரி இறங்கினாலும் வெற்றிதான். பத்து டிகிரி இறங்குவதும் அரிதல்ல. இறங்கும் ஒவ்வொரு டிகிரியும் சிப்புக்கு நீ வாங்கிக் கொடுத்த விடுதலை!

திறந்த கையோடு இன்னொன்றும் பார். ராம் ஒற்றைக் குச்சியாக இருந்து, பக்கத்தில் காலி இடம் இருந்தால், அதற்கு ஜோடி சேர். இரட்டைச் சேனலில் பல கேம்கள் நன்றாகவே வேகம் பிடிக்கும்.

நீ கழற்றப் போவது லேப்டாப்பின் அடிமூடியை மட்டுமா? "என்னால் முடியாது" என்று வருடக்கணக்காக நீ இறுக்கி வைத்திருக்கும் மூடியையும் சேர்த்துத்தான்!

ஒரு முறை திறந்து, பழுதைக் கண்டு, சரி செய்து, மூடியவனை அடுத்த பிரச்சினை மிரட்ட முடியாது. அடுத்த பழுதுக்கு அவன் கடைத்தெருவைத் தேடி ஓடமாட்டான். அடுத்த வீட்டுப் பையன் அவனைத் தேடி வருவான்.

காத்திருக்காதே. இன்றிரவே வெப்பத்தை அளந்து எழுது. நாளைக்கே ஒரு நல்ல திருப்புளியும் ஒரு பேஸ்ட் டியூபும் வாங்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திற.

புது லேப்டாப் கிடைக்கும்போது கிடைக்கட்டும். கையில் இருப்பதை முழுதாக வாழவைக்கத் தெரிந்தவனுக்கே புதியதை ஆளும் தகுதி உண்டு. அந்தத் தகுதியை இந்த வாரமே சம்பாதித்துக்கொள்!