ஹலாலுக்கு அப்பால் ஒரு கேள்வி



இன்றைய பேச்சை என் தவறிலிருந்தே தொடங்குகிறேன். சில மாதங்களுக்கு முன், பஜ்ருத் தொழுகை முடிந்ததும் ஒரு கறிக்கடைக்காரர் ஆடு அறுத்துக் கொடுக்க அழைத்தார். கடைக்குப் பின்னால் ஒரு சந்து. பிஸ்மில்லாஹ் சொல்லி, தக்பீர் கூறி அறுத்தேன். வயிற்றைத் திறந்தால் உள்ளங்கை அளவில் ஒரு குட்டி.

"ஹஜ்ரத், கறி ஹலால்தானே?" என்றார் கடைக்காரர். ஹலால்தான் என்றேன். பதில் சரி, ஆனால் மனம் ஆறவில்லை.

ஆடு பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவருடையது. பிள்ளையின் படிப்புச் செலவுக்கு அவசரம். வாசலுக்கே வந்த வியாபாரி குத்துமதிப்பாக ஒரு விலை சொல்லி ஓட்டி வந்துவிட்டார். நாங்கள் போய் விஷயத்தைச் சொன்னபோது, "சினைன்னு தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டேனே பாய்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சகோதரர்களே! ஹலால் என்ற ஒரு சொல்லோடு நம் பொறுப்பு முடிந்துவிடுகிறதா?

ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. எல்லாவற்றிலும் இஹ்ஸானை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்று சொன்ன பிறகுதான், கத்தியைத் தீட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவுகிறார்கள். கத்தி ஓர் உதாரணம். 'எல்லாவற்றிலும்' என்பதே சட்டம்.

மத்திய அரசின் 2001-ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகளைப் பாருங்கள். சினையாட்டை அறுக்கக் கூடாது. 3 மாதத்துக்குட்பட்ட குட்டி உள்ள தாயை அறுக்கக் கூடாது. ஒன்றின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது. கால்நடை மருத்துவர் சோதித்துச் சான்று தர வேண்டும். அதிலும் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேல் சோதிக்கக் கூடாது. ஆனால் அந்த மருத்துவர் சந்துக்கு வரமாட்டார். முறையான ஆட்டுத்தொட்டி இருந்தால்தான் சோதனையும் இருக்கும்.

வளர்த்தவரின் ஹக்கும் இதில் இருக்கிறது. 20 கிலோ ஆட்டில் ஏறத்தாழ பாதிதான் கறி. இந்தக் கணக்கு வியாபாரிக்குத் தெரியும். எடைபோடத் தராசு இல்லாத அந்த அம்மாவுக்குத் தெரியாது. இரண்டு ஆட்டை வண்டி வைத்து வெள்ளிக்கிழமை செஞ்சிச் சந்தைக்கு ஏற்றினால், வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். அதனால் வாசலிலேயே விற்கிறார்.

"அவர் சம்மதித்துத்தானே கொடுத்தார்?" என்று கேட்கலாம். சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர், சந்தைக்கு வந்து நிலவரம் அறிந்ததும் வியாபாரத்தை முறித்துக்கொள்ளவும் உரிமை கொடுத்தார்கள். அவரும் சம்மதித்துத்தானே விற்றிருந்தார்! அறியாமல் கொடுத்த சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது. விற்பவர் முஸ்லிமா, மாற்று மதத்தவரா என்பது இதில் கேள்வியே அல்ல.

எனவே மூன்று காரியங்கள். ஜமாஅத்தும் ஆடு வளர்ப்போரும் சேர்ந்து, மருத்துவர் சோதனையுள்ள ஆட்டுத்தொட்டி, வளர்த்தவரே நேரடியாக ஆட்டைக் கொண்டுவந்து அறுத்து விற்கும் வசதியோடு வேண்டுமென்று பேரூராட்சியில் மனு கொடுப்போம். குர்பானிக்கு வாங்கும்போது, வளர்த்தவர் கண்ணெதிரே எடைபோட்டு வாங்குவோம். சினை இல்லை என்று உறுதியாகாத பெட்டையின் மீது நான் இனி கத்தி வைக்க மாட்டேன்.

வாயில்லா ஜீவனுக்கும் அதை வளர்த்த ஏழைக்கும் நாம் செய்த குறைகளை அல்லாஹ் மன்னிப்பானாக. ஆமீன்.