முட்டையிலிருந்து ஒரு புரதத்தை நீக்கலாமா?

கோழிமுட்டை வெள்ளைக்கருவின் புரதத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஓவோமியூகாய்டு. டிரிப்சின் என்னும் செரிமான நொதியைத் தடுப்பது அதன் இயல்பு. மாட்டின் டிரிப்சினைத் தடுக்கும், மனிதருடையதைத் தடுக்காது. ஆனால் முட்டை ஒவ்வாமையுள்ள குழந்தைகள் பலருக்கு முதல் எதிரி இதுதான். அவித்தாலும் எளிதில் அடங்காது.

1980இல் ஹூஸ்டனின் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் பெர்ட் ஓ'மாலியின் குழு, படியாக்கம் செய்த இந்த மரபணுவின் அமைப்பை வெளியிட்டது. 1987இல் பேர்டூ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லாஸ்கோவ்ஸ்கியும் சகாக்களும் நூறு பறவையினங்களில் இப்புரதத்தின் மூன்றாம் பகுதியை ஒப்பிட்டார்கள். வேலை செய்யும் இடங்கள் அதிகம் மாறுவதில்லை என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. இங்கே நொதியைத் தொடும் இடங்களே மிக அதிகமாக மாறியிருந்தன. எப்படி மாறினாலும் கேடில்லை என்பதால் மாறினவா? அல்லது ஒவ்வோர் இனமும் தன் பகைவனுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டதா? ஒரே தரவு இரண்டு வாசிப்புக்கும் இடம்தருகிறது.

2023இல் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தினர் இந்த மரபணுவை முடக்கிய கோழிகளைப் பற்றி அறிவித்தார்கள். அவற்றின் முட்டையில் ஓவோமியூகாய்டு இல்லை. கோழிகளிடம் வெளிப்படையான குறையும் தென்படவில்லை.

அப்படியானால் அது தேவையற்ற புரதமா? பராமரிப்பில் வளரும் கோழியிடம் குறை தெரியாதது, காட்டில் அடைகாக்கும் பறவைக்கும் அது வேண்டாம் என்பதற்குச் சான்றாகாது. பயன் நமக்குப் புலப்படவில்லை என்பதற்கும் பயனே இல்லை என்பதற்கும் நெடுந்தூரம் உண்டு.

மறுபக்கம், 'கோழியின் இயற்கையைக் கெடுக்காதே' என்று இன்று சொல்வதும் பொருந்தவில்லை. ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டையிடும் காட்டுக்கோழியின் வழிவந்ததை, முந்நூறு முட்டை இடவைத்தவர்கள் நாம். அந்த முந்நூறுக்காகக் கோழியின் எலும்பு நலிகிறது. அதைப் பொறுத்துக்கொண்டு, மரபணு என்றதும் மட்டும் பதறுவது அறமல்ல, பழக்கம்.

என் நிலை இது: நீக்கலாம். பிள்ளையின் பள்ளிப்பையில் அவசர ஊசியை வைத்து அனுப்பும் பெற்றோரின் அச்சம் உண்மையானது. தடுப்பூசி தயாரிப்பிலும் முட்டை பயன்படுகிறது. ஆனால் அதே கத்தியை, முட்டை இன்னும் மலிவாகக் கிடைக்கவேண்டும் என்பதற்காக எடுக்கும்போது அந்த நியாயத்தைக் கடன்வாங்கக் கூடாது. நீக்குகிறவர்கள் 'அது வீண்' என்றும் சொல்லவேண்டாம். 'எங்களுக்குத் தேவை, அதனால் எடுக்கிறோம்' என்று சொன்னால், அந்தத் தேவை எவ்வளவு பெரியது என்றாவது கேட்கமுடியும். வீண் என்று சொல்லிவிட்டால் கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது.