மூச்சு மீண்ட பின்னர்



உட்செல்லும் மூச்சையும் வெளிவரும் மூச்சையும் உற்றறியும் ஆனாபானசதி தியானத்தைப் பகவான் புத்தர் அருளிச் செய்தார். நாமோ அம்மூச்சு எத்தனை சார்புகளால் நிகழ்கின்றது என்பதைச் சிந்திப்பதில்லை. வாரக்கணக்கில் அதனைச் சுவாசக் கருவியிடம் ஒப்படைத்து மீண்டவர்கள் நமக்கு அதனை உணர்த்துவர்.

1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலற்றவர்களுள் பெரும்பாலோர் மாண்டனர். அப்போது பியோர்ன் இப்சன் என்னும் மருத்துவர், கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் முறையைக் கைக்கொண்டார். மருத்துவ மாணவர் ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து இரவும் பகலும் அப்பையை அழுத்தினர். இறப்பும் வெகுவாகக் குறைந்தது. அக்கைகளின் பணியையே இன்று கருவி ஆற்றுகின்றது.

எனினும், கருவி உயிரைக் காக்கும் வேளையிலேயே, உதரவிதானம் என்னும் மூச்சுத் தசை வேலையின்றி மெலிகின்றது. ஆகையால் கருவியினின்று விடுபடுதல் ஒரு நாளில் முடிவதன்று. சிறிது நேரம், பின் ஒரு பகல், பின் ஓர் இரவு எனப் படிப்படியாகவே அது கைகூடும்.

ஐக்கிய அமெரிக்காவில், நெடுநாள் கருவியைச் சார்ந்திருந்த 315 நோயாளரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. மருத்துவமனையை விட்டு நீங்கும்போது பாதிக்குச் சற்று மேற்பட்டோரே கருவியினின்று விடுபட்டிருந்தனர். ஆண்டு நிறையுமுன் மாண்டவரும் பலர். பிழைத்தோருக்கு 6 திங்களில் கைப்பிடியின் வலிமை மூச்சுத் தசையினும் பன்மடங்கு மிகுதியாக வளர்ந்தது. அத்துடன் அன்றாடச் செயல்களைத் தாமே செய்யும் திறமும் வளர்ந்தது. 12 திங்களில் அவர்தம் உடல்நலமும் மனநலமும் நோய்க்கு முன்னிருந்த நிலையை எட்டின. மீண்டும் தேவைப்படின் கருவியை ஏற்பீரோ என வினவியபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் இசைந்தனர்.

அன்பர்களே, குழாயை எடுத்த நாளுக்கும் இந்நலம் கைகூடிய நாளுக்கும் இடையே ஓராண்டு கிடக்கின்றது. அவ்வாண்டில் நாம் செய்வது யாது? குழாய் எடுத்த அன்று மகிழ்கின்றோம். மூன்றாம் திங்களில், "இன்னுமா எழுந்து நடக்கவில்லை?" என்கின்றோம். உறக்கமின்மையும், அச்சமும், மறதியும் அந்நோயின் எச்சங்கள் என்றறியாமல், சோம்பல் என்று பழிக்கின்றோம். உயிர் பிழைத்து வந்தவரை நம் சொல்லால் வாட்டுகின்றோம்.

வினய பிடகத்தில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. வயிற்று நோயுற்ற பிக்கு ஒருவர் தம் கழிவிலேயே கிடந்தார். அவரால் பிறருக்குப் பயனில்லை என்று ஏனைய பிக்குகள் அவரைக் கவனியாது விட்டனர். பகவான் ஆனந்தரோடு சென்று, தம் கையாலேயே அவரை நீராட்டிப் படுக்கையில் கிடத்தினார். பின்னர்ப் பிக்குகளை அழைத்து, நோயாளிக்குச் செய்யும் பணியைத் தமக்குச் செய்யும் பணியாகவே கொள்ளுமாறு பணித்தார். மருந்து சமைத்தல், ஏற்றது ஏலாதது அறிதல், அன்பால் பணிசெய்தல், கழிவைக் கண்டு அருவருக்காமை, நல்லுரையால் ஊக்குதல் ஆகிய ஐந்தையும் பணிவிடையாளரின் தகுதிகளாக வகுத்தார். இன்று கழுத்துத் துளையின் சளியை அகற்றுவோருக்கும் இவ்வைந்துமே வேண்டும்.

ஆகவே, நம் இல்லங்களில் இத்தகையோர் இருப்பின், நாள்தோறும் அவர்தம் கையைப் பற்றி எழுந்து அமரச் செய்வோம். தம் கையாலேயே கவளம் எடுத்துண்ணக் காத்திருப்போம். பணிவிடை செய்பவர் ஒருவரே களைத்து விழாமல் முறைவைத்துத் துணைநிற்போம். கருவியினின்று விடுபட இயலாதோரைத் தோற்றவராக எண்ணாது, அதே அன்பைச் செலுத்துவோம். பிழைப்பது உறுதி என்று பொய் கூறாமலும், இனிப் பயனில்லை என்று கைவிடாமலும் இருப்போம். சார்பினால் தோன்றுவதே உடல் என்றறிந்த நாம், ஒருவருக்கொருவர் சார்பாய் நிற்றலே கருணையாகும்.

நோயுற்றோர் அனைவரும் துன்பம் நீங்கி நலம் பெறுவாராக!