கடைசிப் பகலின் கணக்கு

பயணத்தைக் குறிக்க அறபு மொழியில் 'ஸஃபர்' என்றொரு சொல் உண்டு. திரை விலகுதல், முகம் வெளிப்படுதல், வைகறை வெளுத்தல் ஆகிய பொருள்களைத் தரும் வேரிலிருந்து பிறந்தது அச்சொல். மனிதரின் இயல்பை மூடியிருக்கும் திரையை விலக்கிக் காட்டுவதனாலேயே பயணத்திற்கு அப்பெயர் வாய்த்தது என்று அகராதி ஆசிரியர்கள் விளக்கம் கூறுவர். இவ்விளக்கத்தைப் பல்லாண்டுகளாக மாணவர்க்குப் பாடமாகச் சொல்லி வந்திருக்கிறோம். அது நம்மையே சுட்டி நிற்கும் என்பதை அண்மையில் ஒரு கப்பலில், அதுவும் பயணத்தின் கடைசிப் பகலில்தான் உணர்ந்தோம்.

சிங்கப்பூரில் பணிபுரியும் நம் மருமகன், பள்ளி விடுமுறையின்போது நம்மையும் நம் துணைவியாரையும் அங்கு அழைத்து, குடும்பத்தோடு ஓர் உல்லாசக் கப்பலில் ஏற்றிவிட்டார். மதரஸா ஆசிரியருக்கு உல்லாசக் கப்பலில் என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். நாமும் அவ்வாறே வினவினோம். ஆனால் பிள்ளைகள் அன்போடு செய்துவிட்ட ஏற்பாட்டை மறுப்பது அத்துணை எளிதன்று. சிங்கப்பூரில் புறப்பட்டு, பினாங்கையும் தாய்லாந்தின் புக்கெட் தீவையும் தொட்டு, மீண்டும் சிங்கப்பூருக்கே திரும்பும் நான்கு இரவுப் பயணம் அது. நான்காம் நாள் முழுவதும் கப்பல் எத்துறையிலும் நிற்பதில்லை; மலாக்கா நீரிணை வழியே தென்கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டேயிருக்கும். மறுநாள் காலை யாவும் முடிந்துவிடும்.

முடியப் போகிறது என்று தெரிந்துவிட்ட ஒரு நாளை மனிதன் எவ்வாறு செலவிட வேண்டும்? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

அன்று காலை நம் அறைக்கு ஓர் அறிவிப்புத் தாள் வந்தது. பெட்டிகளில் வண்ண அடையாளச் சீட்டுகளைக் கட்டி இரவு 11 மணிக்குள் அறை வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் உடுத்தும் உடையையும் மருந்துகளையும் கைப்பையில் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். கப்பலில் செய்த செலவுகளின் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பன அதிலிருந்த செய்திகள். உடையைத் தனியே எடுத்து வைக்கச் சொல்வானேன் என்று கேட்டோம். எல்லாவற்றையும் பெட்டியில் பூட்டி அனுப்பிவிட்டு, காலையில் இரவு உடையோடு நிற்போர் ஒவ்வொரு பயணத்திலும் இருப்பர் என்றார் மருமகன். சிரித்தோம். ஆயினும் அத்தாள் வந்த கணத்திலிருந்து கப்பலின் முகமே மாறிவிட்டதைக் கண்டோம்.

பயணிகள் இரு பிரிவினராயினர். ஒரு சாரார், 'இனி இது கிடைக்காது' என்னும் பதற்றத்தில் உணவுக் கூடத்திற்கும் நீச்சல் குளத்திற்கும் கடைகளுக்கும் மாறி மாறி ஓடினர். பசியில்லாத வயிற்றில் மூன்றாம் முறையும் உணவு இறங்கியது. மற்றொரு சாரார் உடலால் கப்பலில் இருந்தனரேயன்றி உள்ளத்தால் முன்பே இறங்கிவிட்டனர். விமான நேரம், அலுவலகக் கடிதங்கள், திங்கட்கிழமை வேலை என அவர்களுடைய பேச்சு கரையைப் பற்றியதாகவே இருந்தது. முன்னவர் நாளை விழுங்க முயன்றனர். பின்னவர் அதை உயிரோடு அடக்கம் செய்தனர். இருவருக்குமே அந்த நாள் கிட்டவில்லை. வெளியே நீரிணை குளத்து நீர்போல் அமைதியாகக் கிடந்தது. எண்ணெய்க் கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் இருபுறமும் ஒழுங்காகச் சென்றுகொண்டிருந்தன. அதைப் பார்க்க மேல்தளத்தில் நின்றோர் மிகச் சிலரே.

இவ்வகைப் பயணத்திற்கு வேறெதற்கும் இல்லாத ஓர் இயல்பு உண்டு. இதற்குச் சேருமிடம் இல்லை. புறப்பட்ட இடமே போய்ச் சேரும் இடம். 1891ஆம் ஆண்டு சனவரியில் ஆல்பர்ட் பாலின் என்னும் செருமானியக் கப்பல் அதிபர், 'அவுகுஸ்தா விக்டோரியா' என்னும் கப்பலைக் குக்ஸ்ஹாஃபன் துறையிலிருந்து மத்தியதரைக் கடல் உலாவுக்கு அனுப்பினார். குளிர்காலத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடப்போர் குறைவாதலின், வேலையின்றி நின்ற கப்பலுக்கு அவர் கண்ட வேலை அது. 1958இல் செட் விமானங்கள் அக்கடலைத் தாண்டத் தொடங்கியபின், மக்களை ஏற்றிச் சென்ற பெருங்கப்பல்கள் ஒவ்வொன்றாகப் பிழைப்பிழந்தன. ஊர் சேர்க்கும் தொழில் போய், உலாத்தும் தொழிலே கடலில் மிஞ்சியது. 2024இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' 7,600 பயணிகள் வரை ஏற்றவல்லது. நம் கிராமங்கள் பலவற்றின் மக்கள் தொகை அவ்வளவு இராது.

நம் முன்னோர் அறிந்த கப்பல் வேறு. நம் வாப்பா 1963இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிச் சிங்கப்பூர் சென்றவர். 1926 முதல் ஓடிய அக்கப்பல் 1974இல் உடைக்கப்பட்டது. பினாங்கையும் இன்று போர்ட் கிளாங் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமையும் தொட்டு அது சிங்கப்பூர் அடையும். ஆகவே வாப்பாவின் கடைசிப் பகலும் இதே நீரிணையில்தான் கழிந்தது. அவர் டெக் பயணி. பாயும் ஒரு தகரப் பெட்டியுமே அவர் உடைமை. விரித்த பாயளவே அவருக்குரிய இடம். மூன்றாம் நாள், பாய் விரிக்கும் இடத்திற்காக வேற்றூர்க்காரர் ஒருவரோடு வாய்ச்சண்டை மூண்டதாம். பிறகு இருவரும் அருகருகே படுத்தும் பேசிக்கொள்ளவில்லை.

கடைசிப் பகலில் டெக்கில் நடந்ததை வாப்பா பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். எல்லாரும் குளித்து, துவைத்து வைத்திருந்த ஆடையை எடுத்து உடுத்தினராம். கைமாற்றாக வாங்கிய அணா பைசா திருப்பித் தரப்பட்டது. பின்னர் ஒருவரையொருவர் தேடிச் சென்று பொருத்தம் கேட்டுக்கொண்டனர். ஹஜ்ஜுக்குப் புறப்படுவோரும் மரணப் படுக்கையில் இருப்போரும், 'சொல்லாலும் செயலாலும் பிழை செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள்' என்று கேட்பது நம் ஊர்களில் வழக்கமன்றோ? அதுவே அங்கும் நடந்தது. சண்டையிட்ட அந்த வேற்றூர்க்காரர் முந்திக்கொண்டு வந்து வாப்பாவின் கையைப் பிடித்தாராம். அதன்பின் வாழ்நாளில் இருவரும் சந்திக்கவேயில்லை. ஆயினும் எழுபது வயதிலும் அம்மனிதரை வாப்பா நினைத்துப் பேசினார். "நாளைக்கு யார் எங்கே போவோமென்று தெரியாது. கடனோடு இறங்கக் கூடாது" என்பது அவர் சொல்.

அந்தச் சொல் அன்று காலை முதல் நம் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் உண்டு.

நம் அறையைத் துப்புரவு செய்ய ஓர் இளைஞர் நியமிக்கப்பட்டிருந்தார். பயணத்தின் இரண்டாம் நாள், பினாங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பியபோது, கட்டிலருகே நாற்காலியில் வைத்துச் சென்ற நம் அறபுக் கிதாபைக் காணவில்லை. ஆண்டுக்கணக்கில் ஓரங்களில் குறிப்பெழுதி வைத்திருந்த நூல் அது. இளைஞரை அழைத்துக் கடிந்துகொண்டோம். நமக்குத் தெரிந்த சிறிது மலாய்ச் சொற்கள் கோபத்தில் மேலும் கூர்மையாயின. அவர் ஏதோ விளக்க முயன்றார், நாம் கேட்கவில்லை. மறுநாள் சால்வையை எடுக்க அலமாரியைத் திறந்தபோது, அதன் மிக உயர்ந்த தட்டில், மடித்த வெள்ளைத் துண்டின் மேல் கிதாபு இருந்தது. அறபு எழுத்தைக் கண்ட அவர், அமரும் இருக்கையில் அது கிடக்கலாகாது என்று கருதி உயரத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்.

கிதாபின் கண்ணியத்தைப் பற்றி முப்பதாண்டுகளாகப் பாடம் நடத்துபவர் நாம். அதை நாற்காலியில் போட்டுச் சென்றவரும் நாமே. எடுத்து வைத்தவரை ஏசியவரும் நாமே. ஸஃபர் விலக்கிக் காட்டிய முகம் இதுதான். உண்மை தெரிந்தபின்னும் அன்று முழுவதும் அவரிடம் ஒன்றும் சொல்லாதிருந்தோம். வெட்கம் என்று அதற்குப் பெயரிட்டுக்கொண்டோம். உண்மையில் அது செருக்கே.

கடைசிப் பகலின் உணவு வேளையில் மருமகனிடம் இதைச் சொன்னோம். "மாமா, அவர் செய்தது அவர் வேலை. அதற்குச் சம்பளம் வாங்குகிறார். அதற்கு மேல் ஊழியர்களுக்கான அன்பளிப்புத் தொகையும் நாள்தோறும் நம் கணக்கில் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. கணக்கு முடிந்துவிட்டது. நீங்கள் வருந்த இதில் என்ன இருக்கிறது?" என்றார் அவர். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. தொகை கொடுக்கப்படவேண்டியதே. அதே வேளையில் கணக்கு மேசையின் முன், அத்தொகையை நீக்கச் சொல்லி ஒருவர் வாதாடிக்கொண்டிருந்தார். அவரினும் நம் மருமகன் ஆயிரம் மடங்கு மேலானவர். ஆனால் அத்தொகை உழைப்பின் பொருட்டுத் தரப்படுவது. ஏச்சைக் கேட்டுக்கொள்வது அவருடைய வேலைகளில் ஒன்றன்று. ஆகவே அதற்குரிய ஈடு எந்தக் கட்டணத்திலும் அடங்காது. அடியார்க்குரிய ஹக்கை அவர்களே பொருந்திக்கொண்டாலன்றித் தீராது என்று மேடைதோறும் பேசுகிறோமே, அது இதுவன்றோ?

இங்கு ஒன்று நினைத்தோம். கப்பலில் கையில் காசில்லை. அறைச் சாவியாகிய ஓர் அட்டையைக் காட்டினால் போதும். செலவுகள் தாமே குறிக்கப்பட்டு, கடைசி நாள் இரவில் தாமே தீர்ந்துவிடும். யாரும் யாருக்கும் கடன்பட்டிராதது போன்ற தோற்றம் உண்டாகிறது. வாப்பாவின் டெக்கில் அணா பைசாவைக் கையில் கொடுக்கவேண்டியிருந்தது. கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவேண்டியிருந்தது. பார்த்தபோது பொருத்தமும் கேட்கவேண்டியதாயிற்று. வசதி பெருகியதைக் குறை கூறோம். ஆனால் தானே தீரும் கணக்கு, தீராத கணக்கையும் தீர்ந்ததாக நம்மை நம்பவைத்துவிடுகிறது.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் இவ்வுலகுக்கு ஒரு கப்பலை உவமை கூறியிருக்கிறார்கள். தீவொன்றில் இறக்கப்பட்ட பயணிகளுள் சிலர் தேவையை முடித்து விரைந்து திரும்பி நல்லிடம் பெற்றனர். சிலர் பூக்களையும் கற்களையும் சுமந்து வந்து நெருக்கடியில் தவித்தனர். சிலர் கப்பலையே மறந்து தொலைந்தனர். இன்றைய உல்லாசக் கப்பலில் அத்தீவு கப்பலுக்குள்ளேயே வந்துவிட்டது. பூவும் கல்லும் கடையில் கிடைக்கின்றன. நாமும் பேரப்பிள்ளைகளுக்காகச் சில பொருள்களை வாங்கிப் பெட்டியை நிரப்பினோம். பெட்டி மூடவில்லை, அதன்மேல் அமர்ந்து மூடினோம். சொல்லவேண்டிய ஒரு சொல்லுக்கு மட்டும் அந்தப் பகல் முழுவதும் நமக்கு நேரம் வாய்க்கவில்லை.

இரவு பத்து மணியளவில் பெட்டியை வாசலில் வைக்கச் சென்றபோது, நடைவழியின் கோடியில் அவ்விளைஞர் பெட்டிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். ஒரு கணம், உள்ளே திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்ளவே தோன்றியது. வாப்பாவின் சொல் நம்மைத் தள்ளியது. அருகே சென்று, நான்கு நாளாக அவர் மார்பில் இருந்தும் நாம் படிக்காத பெயரை முதன்முறையாகப் படித்தோம். இந்தோனேசியர். கிதாபு, அலமாரி, நம் பிழை என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி, இறுதியில் "மாஆஃப்" என்றோம். அறபு வேரிலிருந்து அவர் மொழிக்கும் சென்ற சொல் அது. நம் ஊரில் 'மாப்பு' என்கிறோம். அவர் முகம் மலர்ந்தது. வலக்கையை நெஞ்சில் வைத்துத் தாமும் அச்சொல்லையே திருப்பிச் சொன்னார். தம் தந்தையும் சிறார்க்கு ஓதிக்கொடுப்பவர் என்றும், கிதாபைத் தாழ்வாக வைத்தால் வீட்டில் அடி விழும் என்றும் சிரித்துக்கொண்டே கூறினார்.

நாளை உமக்கு ஓய்வா என்று கேட்டோம். இல்லை, காலையில் நீங்கள் இறங்குவீர்கள், நண்பகலில் அடுத்தவர் ஏறுவர், அதற்குள் எல்லா அறைகளும் ஆயத்தமாக வேண்டும் என்றார். ஒப்பந்தத்தில் இன்னும் ஐந்து மாதங்கள் மீதமாம். கப்பல் தொழிலாளர்க்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை விதிக்கிறது. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை என்பது அவர்கள் அறியாதது. நாம் கடைசி நாள் என்று கலங்கிய நாள், அவருக்கு மாதந்தோறும் பலமுறை வந்துபோவது. ஒவ்வொரு கடைசி நாளிலும் எத்தனை பேர் அவரிடம் தீராத கணக்கை வைத்துவிட்டு இறங்குகிறார்களோ!

நாம் எழுப்பிய வினாவிற்கு வருவோம். கடைசி நாளை விழுங்கவும் வேண்டா. அதற்கு முன்பே இறங்கிவிடவும் வேண்டா. அந்நாளில் முதலில் தீர்க்கவேண்டியது, மனிதர்க்கும் நமக்கும் இடையே உள்ள கணக்கு. அது தீர்ந்தபின் கடலைப் பார்த்தால் கடல் தெரிகிறது. அன்றிரவு மேல்தளத்தில் அரைமணி நேரம் நின்றோம். பயணத்தில் நாம் உண்மையாகக் கடலைப் பார்த்தது அப்போதுதான்.

வாழ்வின் கடைசி நாளுக்கு அறிவிப்புத் தாள் வருவதில்லை என்பது உண்மையே. ஆனால் அறிவித்துவிட்டு வரும் கடைசி நாட்கள் பல. வாடகை வீட்டைக் காலி செய்யும் நாள், பணி மாற்றம் பெற்றுச் செல்லும் நாள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாள், பள்ளி ஆண்டு முடியும் நாள் ஆகிய எல்லாமே அத்தகையன. பெட்டி கட்டும் பரபரப்பில் அவற்றைக் கடந்துவிடுகிறோம். பொருத்தம் கேட்பதை ஹஜ்ஜுக்கும் மரணப் படுக்கைக்கும் மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

ஷஅபான் மாதத்தில் நம் மதரஸாவின் ஆண்டு முடியும். அன்று மாணவர் வரிசையாக வந்து ஆசிரியரிடம் பொருத்தம் கேட்டுச் செல்வர். முப்பதாண்டுகளாக நாம் அமர்ந்தபடியே 'பொருந்திக்கொண்டேன்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். இவ்வாண்டு எழுந்து நின்று, முதலில் நாம் அவர்களிடம் கேட்பதென்று எண்ணியிருக்கிறோம்.