வழுவா வரம்

ஞானோபதேச வகுப்பில்தான் அந்தச் சொல்லை முதலில் கேட்டேன். போப்பாண்டவருக்கு வழுவா வரம் உண்டு என்றார் உபதேசியார். அப்படின்னா என்னாங்கய்யா என்று கேட்டோம். "அவர் தப்பே பண்ணமாட்டார்." "எங்க ஆண்டையும் அப்படித்தாங்க" என்ற பையன் பிரம்படி வாங்கினான்.

உபதேசியார் சொன்னது சரியில்லை என்று பிறகு படித்தபோது தெரிந்தது. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் வகுத்தது அவ்வளவு அகலமான வரம் அல்ல. திருச்சபை முழுமைக்கும் மேய்ப்பர் என்ற நிலையில், விசுவாசம், ஒழுக்கம் பற்றி, இதுதான் முடிவு என்று அறிவிக்கும்போது மட்டுமே அது உண்டு. 1950இல் மரியாளின் விண்ணேற்பை அறிவித்தது அப்படி ஒரு சந்தர்ப்பம். மற்றபடி போப்பாண்டவரும் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்தான். ஆண்டைக்கு இந்த எல்லையெல்லாம் கிடையாது. அடி வாங்கிய பையன் சொன்னதில்தான் விஷயம் இருந்தது.

தமிழ் இலக்கணத்தில் வழு உண்டு, வழாநிலை உண்டு, நடுவில் வழுவமைதி என்று ஒன்றும் உண்டு. தப்புதான், ஆனாலும் காரணம் கருதி ஏற்றுக்கொள்வது. ஒற்றை ஆளை 'வந்தார்கள்' என்பது அப்படி மரியாதைக்காக ஏற்றுக்கொண்ட வழு. யாருக்கு மரியாதை? எங்கள் தெருவில் எழுபது வயசுக் கிழவர் 'வந்தான்'. அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பத்து வயசுப் பொடியன் 'வந்தாங்க'. இலக்கணமாவது தப்பைத் தப்பென்று ஒப்புக்கொண்டு அமைதி சொல்கிறது. ஊர் அதையும் சொல்வதில்லை.

ஒருமுறை ஆண்டை வீட்டுப் பம்புசெட்டு மோட்டார் எரிந்துபோனது. அன்றைக்கு அப்பா ஊரிலேயே இல்லை. அத்தை வீட்டுச் சாவுக்கு நானும் அவரும் போயிருந்தோம். திரும்பியதும் ஆள் வந்தது. போனோம். என்ன ஏது என்று அவர்கள் கேட்கும் முன்னமே, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பா சொன்னார்: "தப்பு எம்மேலதாங்க ஆண்டே." வரும் வழியில், ஏம்ப்பா அப்படிச் சொன்ன என்றேன்.

"யாரு மேலயாவது இருக்கணுமில்ல."

மீமாம்சகர்களும் இந்தக் கணக்கைப் போட்டவர்கள்தான். குற்றம் என்பது சொன்னவரிடமிருந்து வருவது, வேதத்தைச் சொன்னவர் என்று யாருமே இல்லை, ஆகவே அதில் குற்றமும் இல்லை என்றார்கள். கெட்டிக்கார வக்கீலின் வாதம். பிராமணர்கள் ஏன் வேதத்தைத் தவறற்றது, கேள்விக்கு அப்பாற்பட்டது என்று அறிவித்தார்கள் என்பதையே ஒரு புதிராக எடுத்துக்கொண்டார் அம்பேத்கர். புத்தர் தம் போதனைக்கு வழுவாமை எதையும் கோரவில்லை, பொருந்தாததைத் திருத்தவும் விட்டுவிடவும் பின்வருவோருக்கு உரிமை கொடுத்தார் என்று 1950இல் எழுதினார். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்று 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவரும் அவர்தான்.

இதையெல்லாம் மேடைமேடையாகப் பேசுகிறவன் நான். சில வருஷங்களுக்கு முன் இயக்கக் கூட்டத்தில் கூட்டணி முடிவை விளக்கிக்கொண்டிருந்தேன். கல்லூரிப் பையன் ஒருவன் எழுந்தான். "இது தப்புன்னு எங்களுக்குப் பட்டா எங்க போயி சொல்றது தோழர்?" நான் சொன்னேன்: "தலைவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? உக்கார்றா."

அந்த 'றா' எங்கிருந்து என் வாய்க்கு வந்தது?

ஒரு நியாயம் இருந்தது என்னிடம். மற்றவர்களின் தலைவர் தப்பு செய்தால் அது அவர் ஒருவரின் தப்பு. நம் தலைவர் செய்தால் சேரியே தப்பு என்பார்கள். அதனால் நாலு பேர் முன்னால் நம் ஆளை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று நினைத்தேன். அந்த நியாயம் முழுப் பொய்யில்லை. ஆனால் அவன் கேட்டது வெளியாள் முன்னால் அல்ல. நமக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தில்.

அடுத்த கூட்டத்துக்கு அவன் வரவில்லை. பல மாதம் கழித்து அவன் வீட்டைத் தேடிப் போனேன். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டானாம். அவன் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள்.

"எதாச்சும் தப்பா பேசிட்டானா தம்பி? மனசுல வெச்சிக்காதீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

தப்பு என்மேல்தான் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அந்த அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.